ஆகாயத்தில் ராகு காலம்

விமான டிக்கெட் போடும் கடைகளில் சுவர் நிறையக் கடிகாரம் மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெளிநாட்டு ஊரின் பெயரை ஒட்டியிருப்பார்கள். பொள்ளாச்சிக்கு மேற்கே, கொல்லங்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எங்கள் கடையில் ஒரே கடிகாரம்தான். பக்கத்தில் ஒரு தினசரி காலண்டர். காலையில் வந்ததும் கடை முதலாளி முதல் வேலையாகத் தாளைக் கிழிப்பார். ராகு காலம், எமகண்டம் என்று போட்டிருக்கும் கட்டத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவார். அந்த நேரத்தில் கடையில் ஜெராக்ஸ் மட்டும் எடுக்கலாம், டிக்கெட் பொத்தானைத் தொடக் கூடாது.

"ஏண்ணே, பிளேன் கெளம்புறது அடுத்த மாசம். இப்ப பதிவு பண்றதுக்கு எதுக்குண்ணே நேரம் பாக்கணும்?" என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"கண்ணாலங்கூட அடுத்த மாசந்தானுங்க அம்மிணி. பொண்ணு பாக்கப் போறதுக்கு நேரம் பாக்கறமா இல்லீங்களா?" என்றார்.

நான் வண்டிப்பெரியாரில் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். சங்கு ஊதினால் வேலைக்குப் போக வேண்டும், மறுபடி ஊதினால் திரும்ப வேண்டும். நல்ல நேரம், கெட்ட நேரம் எல்லாம் பார்த்தால் கங்காணி விட மாட்டார். கொல்லங்கோட்டுக்கு மருமகளாக வந்த பிறகுதான் ஒரு நாளில் இத்தனை ஓட்டைகள் இருக்கின்றன என்பதே எனக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் அவர் கடையில் சேர்ந்து ஆறு வருஷம் இருந்தேன். முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. அண்ணே என்றேன். அவர் கடைசி வரை என்னை அம்மிணி என்றுதான் கூப்பிட்டார், 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வயது அறுபதுக்கு ஒன்றிரண்டு குறைவு. நெல் வயலும் கொஞ்சம் தென்னையும் இருந்தன. பெண்சாதி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் கல்யாணமாகி அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தாள். ஊர் முழுக்க விமானம் ஏற்றிவிட்ட அந்த மனிதர் அதுவரை ஒரு விமானத்தின் வாசற்படியைக்கூட மிதித்தவர் இல்லை.

"அமெரிக்கா எவ்வளவு தூரமுங்க?" என்று யாராவது கேட்டால் முகத்தைச் சுளிப்பார். வண்டி மாறும் துபாயிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்று கம்ப்யூட்டர் காட்டும். அவர் அதைப் பார்க்கவே மாட்டார். "கிலோமீட்டரெல்லாம் வண்டிக்குத்தானுங்க. உள்ள உக்காந்திருக்கற மனுசனுக்கு நேரந்தானுங்க" என்று வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்துவிடுவார்.

கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தது நன்றாக நினைவிருக்கிறது. பையன் மேற்படிப்புக்கு அதே லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகிறான். வெள்ளிக்கிழமை டிக்கெட் கேட்டார்கள்.

"ஏனுங்க, தம்பி துபாயில காத்தால எட்டேகாலுக்கு ஏறுது. அங்க மத்தியானம் ஒன்னேகாலுக்கு எறங்குது. நடுவால எத்தனை மணி நேரமுங்க?"

"அஞ்சுங்க" என்றார் பையனின் அப்பா.

"பதினாறுங்க."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த மனிதர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"சூரியன் போற பக்கமே வண்டியும் போகுதுங்க. அதனால பதினாறு மணி நேரம் பறந்தாலும் கடிகாரம் அஞ்சு மணி நேரந்தான் நவுருது. வெள்ளிக்கெழமை ராகு காலம் பத்தரையில இருந்து பன்னெண்டு. தரையில இருக்கற நமக்கு அது ஒன்னரை மணி நேரம். மேல இருக்கற தம்பிக்கு?" தாளில் பெருக்கி வகுத்து, அடியில் இரண்டு கோடு போட்டார். "கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரமுங்க. அஞ்சு மணி நேரமும் ராகு காலத்துக்குள்ளயே உக்காந்திருக்கோணும்."

"அய்யோ, அதுக்குள்ள சோறு வேற போடுவாங்களே!" என்றாள் பையனின் அம்மா.

ராகு காலம் சாயந்தரம் விழுகிற ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அவர் தாளை வாங்கி வைத்து, வீட்டில் நானே போட்டுப் பார்த்தேன். கணக்கில் தப்பே இல்லை. அதுதான் என்னைப் பைத்தியமாக்கியது. இன்னொன்றும் சொல்வார். திரும்பி வரும்போது வண்டி சூரியனுக்கு எதிராக வருவதால் அதே ராகு காலம் சுருங்கி ஒரு மணி நேரம்கூட இருக்காதாம். "போறதுதானுங்க கஷ்டம். வர்றது லேசு. இந்தப் புள்ளைங்களுக்கு அது தெரிய மாட்டேங்குது" என்பார். எந்தப் பிள்ளையைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் சும்மா இருக்க மாட்டாமல், "அது சரிண்ணே, ஆகாயத்துல போறவனுக்கு எந்த ஊரு ராகு காலம்? ஏறுன ஊரா, எறங்குற ஊரா, இல்ல கீழ ஓடுற ஊரா?" என்று கேட்டுவிட்டேன். ஒரு வாரம் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. ஜோசியரிடம் போய்க் கேட்டார். பிறந்த ஊர் நேரம்தான் கணக்கு என்றாராம் ஜோசியர். கோயில் பூசாரி, கால் எந்த மண்ணில் படுகிறதோ அந்த ஊர் நேரம் என்றிருக்கிறார். "ரெண்டு பேருமே மேல போனதில்லீங்க அம்மிணி" என்று அலுத்துக்கொண்டார். மேலே போகாத இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்து மூன்று நாள் பேசி, இறங்கும் ஊர் நேரம்தான் என்று முடிவு செய்தோம். அந்த முடிவில் எனக்கும் பங்குண்டு.

அவரைக் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று வண்டிப்பெரியாரிலிருந்து போன் வந்தது. காலண்டரில் சிவப்பு வட்டத்துக்குள் இருந்தது அந்த நேரம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்பது வரை பொறு என்று சொன்னால் கத்தியிருப்பேன். "கெளம்புங்க அம்மிணி, நேரத்தை நான் பாத்துக்கறேன்" என்று அவரே பொள்ளாச்சி வரை வண்டியில் கொண்டுபோய் விட்டார். பழனி, தேனி, குமுளி என்று நான் பஸ் மாறிய ஒவ்வொரு இடத்திலும் அவர் போன் வந்தது. "இன்னும் எத்தனை நேரமுங்க?" என்பது மட்டும்தான் கேள்வி. அப்பா பிழைத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது அன்று நான் ஊர் போய்ச் சேரும் வரை அவர் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார். அடுத்தவருக்காக ராகு காலத்தைத் தன் தலையில் தாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வழி வைத்திருந்தார் போலிருக்கிறது.

பிறகு மகள் உண்டானாள். கொங்கு வீடுகளில் பிரசவத்துக்கு முன்னால் பிறந்த வீட்டார் சாதம் வகை வகையாகக் கட்டிக்கொண்டு போய்ப் பெண்ணுக்கு ஊட்டிவிட்டு, அவளைத் தங்கள் வீட்டுக்கு அழைத்து வருவார்கள். கட்டுச்சோறு விருந்து என்று பெயர். அழைத்து வரத்தான் முடியாது, அம்மா இடத்தில் நின்று ஒரு வாய் ஊட்டவாவது வரச் சொன்னாள் மகள். எனக்குப் போன் செய்து, "அக்கா, எங்கப்பா நேரம் பாத்து முடிக்கறதுக்குள்ள கொழந்தை பள்ளிக்கூடம் போயிருமுங்க. நீங்கதான் எப்படியாச்சும் ஏத்தி உடோணும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவர் இரண்டு மாதம் தாள்களை நிரப்பினார். கடைசியில், ராகு காலத்தோடு எமகண்டமும் படாமல் பார்த்தால் வியாழக்கிழமை ஒன்றுதான் சுத்தம் என்று கண்டுபிடித்தார். அன்றைக்கு எமகண்டம் காலை ஏழரைக்கே முடிந்துவிடுகிறது. ராகு காலம் ஒன்றரைக்குத் தொடங்குகிறது. வண்டி ஒன்றேகால் சுமாருக்குத் தரை தொட்டுவிடும். தரை தொட்டுவிட்டால் போதும், கால் மணி நேரத்தில் தப்பிக்கலாம்.

"புளிக்காய்ச்சலை மட்டும் எடுத்துட்டுப் போங்கண்ணே. சோறு அங்க போய் வடிச்சுக்கலாம்" என்றேன்.

"அப்பறம் அதென்னுங்க கட்டுச்சோறு? ஊட்டுல இருந்து இருபத்தேழு மணி நேரம். நல்லெண்ணெய் தாராளமா உட்டா புளிசோறு முப்பது மணி நேரம் தாங்குமுங்க" என்றார். புதன்கிழமை சாயந்தரம் நானும் அவரும் சேர்ந்துதான் கிளறினோம். வாழையிலையில் கட்டி, துணியில் சுற்றி, கைப்பையில் வைத்தார். புதிதாக ஒரு கைக்கடிகாரம் வாங்கியிருந்தார். அதில் முன்கூட்டியே அந்த ஊர் நேரத்தை வைத்துக்கொண்டார். நெடும்பாசேரி விமான நிலையத்துக்குக் கார் கிளம்பும்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி பின்கண்ணாடி வழியாகக் கையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை போன் செய்தார். அங்கே வியாழன் சாயந்தரம்.

"அக்கா, மாமா அங்கிருந்து ஏறினாருங்களா இல்லீங்களா?"

"ஏறிட்டாரே, துபாயில இருந்து பேசுனாரே."

"வெளியவே வரலீங். இவளுக்கு ஏர்போர்ட்டுலயே வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். கொழந்தை பொறந்துருச்சுங், ஆனா ரத்தம் நிக்காம ஆபரேஷன் பண்ணி இப்பத்தான் கண்ணு முழிச்சா. அப்பா வந்துட்டாரா, அப்பா வந்துட்டாரான்னு அதையேதான் கேக்கறா."

"பிளேன் எத்தனை மணிக்கு எறங்குச்சு?"

"கொஞ்சம் லேட்டுங். ஒன்னரை தாண்டிருச்சு."

எனக்குப் புரிந்துவிட்டது. அடுப்பை அணைத்தேன். "ராகு காலம் முடியற வரைக்கும் உள்ளயே உக்காந்திருந்திருப்பாரு. மூணு மணிக்கு மேலதான் வெளிய வந்திருப்பாரு. அங்கயே போய்த் தேடுங்க" என்றேன்.

அப்படித்தான் நடந்திருந்தது. அன்றைக்குக் கூட்டமில்லையாம். இரண்டு மணிக்கெல்லாம் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, சோற்று மூட்டையைப் பிரித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்து, போகச் சொல்லிவிட்டார்கள். வெளியே போகும் கதவுக்கு இந்தப் பக்கம் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டார். முதல் அடியை ராகு காலத்தில் எடுத்து வைத்து நிறைமாதப் பெண்ணின் முன்னால் போய் நிற்க அவருக்கு மனசு வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மகள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டரை மணிக்கு அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மணி தாண்டியதும் இவர் வலது காலை எடுத்து வைத்து வெளியே வந்தார். யாரும் இல்லை. போன் வேலை செய்யவில்லை. இங்கிலீஷில் யாரையும் கேட்கக் கூச்சம். வாசலில் இருந்த பெஞ்சில் ஐந்து மணி நேரம் மடியில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை ஓடிப்போய், "பொண்ணு பொறந்திருக்குதுங்க மாமா" என்றிருக்கிறார். இவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குங்க?"

பதற்றத்தில் கேட்டதா, ஜாதகம் எழுதக் கேட்டதா, எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை அதை மகளிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். மகள் அங்கே வேண்டியதற்கு மட்டும் பேசினாள். வந்த பிறகு அதுவும் இல்லை. இவர் கூப்பிட்டால் போன் மாப்பிள்ளையின் கைக்குப் போகும். என்னிடம் ஒருமுறை மட்டும் சொன்னாள்: "எங்கம்மாவா இருந்தா கதவை ஒடச்சிட்டு வந்திருப்பாங்கக்கா."

அவரோ கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையை வேறு விதமாகச் சொன்னார். "நான் மட்டும் அந்த நேரத்துல அவ மூஞ்சில முழிச்சிருந்தா என்ன ஆயிருக்குமுங்க? உள்ள உக்காந்து நான் தாங்கிக்கிட்டேன். தாயும் புள்ளையும் பொழச்சாங்க." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "ஏனுங்க அம்மிணி, சரிதானுங்களே?" என்பார். சரி என்பேன். ஆத்திரமாக வரும், பாவமாகவும் இருக்கும். எது முதலில் வரும் என்று எனக்கே தெரியாது.

மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கிய சமயம், வேறொருவருக்கு அதே வண்டியில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே துபாய், அதே எட்டேகால், அதே பதினாறு மணி நேரம். ஆனால் இறங்கும் நேரம் ஒன்றேகாலுக்குப் பதில் பன்னிரண்டேகால் என்று காட்டியது. தூரம் குறையுமா? குழம்பிப் போய் மாப்பிள்ளைக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். அங்கே வெயில் மாதங்களில் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்வார்களாம், குளிர் வந்ததும் பழையபடி திருப்பிவிடுவார்களாம். தள்ளுவது கடிகாரத்தைத்தான், சூரியனை இல்லை.

ராகு காலம் சூரியனை வைத்து. அப்படியானால் அன்று அவர் போன வெயில் காலத்தில், கடிகாரம் காட்டிய நேரத்தில் ஒரு மணியைக் கழிக்க வேண்டும். ராகு காலம் ஒன்றரைக்கு இல்லை, இரண்டரைக்குத்தான் தொடங்கியிருக்கும்.

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, டிக்கெட் வேலை நிறுத்தியிருந்த நேரம், ஜெராக்ஸ் எடுக்க வந்த யாரோ ஒருவரிடம் அவர் மறுபடியும் "நான் தாங்கிக்கிட்டேன்" என்று ஆரம்பித்தார். என் நாக்கு எனக்கு அடங்கவில்லை. வந்தவர் படியிறங்கியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. தாளை எடுத்தார். ஒரு கோடு போட்டார், அதற்குக் கீழே ஒரு கோடு போட்டார், ஒரு மணியைக் கழித்தார்.

"அப்ப ரெண்டு மணிக்கு நல்ல நேரமுங்களா அம்மிணி?"

"ஆமாண்ணே."

"அவ அங்கதான் நின்னுட்டிருந்தாளுங்களா அப்ப?"

"ஆமாண்ணே."

"நல்ல நேரத்துலயே அவளைப் பாக்காம உக்காந்திருந்திருக்கனுங்க" என்றார். அவர் என் போனைக் கேட்டார். அவர் எண்ணிலிருந்து கூப்பிட்டால் மகள் எடுக்க மாட்டாள். நானே எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் மேசைமேல் வைத்தேன்.

"சொல்லுங்கக்கா" என்றாள் மகள்.

"நாந்தான் கண்ணு. அப்பா."

அவள் போனை வைக்கவில்லை.

"நான் தப்பாப் போட்டுட்டேன் சாமி. வெளிய வந்திருக்கலாம். எந்த நேரமா இருந்தாலும் நான் வெளிய வந்திருக்கோணும்."

பின்னால் குழந்தை ஏதோ சத்தம் போட்டது. அவள், "அங்க இப்ப என்ன மணிங்கப்பா?" என்று கேட்டாள்.

அவர் சுவரைப் பார்த்தார். "பத்தே முக்கால்."

"வெள்ளிக்கெழமைதானுங்களே அங்க?"

"ஆமா சாமி."

அந்த வீட்டில் வளர்ந்த பெண். வெள்ளிக்கிழமை பத்தே முக்கால் என்றால் ராகு காலம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சரி, பேசுங்கப்பா" என்றாள். நான் எழுந்து ஜெராக்ஸ் மெஷின் பக்கம் போய் நின்றுகொண்டேன்.